காடுவா

ஆஸ்பத்திரியில் கண் பகுதியின் கடைசி அறை.
மிஸ் ரிஸ்லா மேசையில் வில்லைகளைப் பரப்பினா.
நான் கை வைத்தது பத்து மடங்கில்.
மீன் சங்கத்தில் பதினாறு வருடம் கணக்கு எழுதியவன்,
பெரிய எண்ணைக் கண்டால் கை தானாக நீளும்.

என் பார்வையின் நடுவில் ஒரு மை ஊறல்.
ஆளைப் பார்த்தால் காது இருக்கும், மூக்கு இராது.
ஏலத்துக்கு வரும் சம்மாட்டிமாரை
இப்போது காதால்தான் அடையாளம் காண்கிறேன்,
அவர்களுடைய காதால்.

வில்லை பெரிய சட்டைப் பொத்தான் அளவு.
இமை முட்டப் பிடித்துக்கொண்டு
பற்றுச்சீட்டை ஓர் அங்குலத்துக்கு இழுத்தேன்.
விழுந்தது என் தலையின் நிழல்.
மிஸ் விளக்கைக் காதோரம் வளைத்துவிட்டா.

முதலில் ஒரு கொம்பு வந்தது
நாம்பன் மாட்டுக் கொம்பு மாதிரி, தனியாக.
அது போய் க வந்தது.
வாசல் வைத்த வீடு போலிருந்த க.
உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வர
கொம்பு மறந்துபோயிற்று.
பிறகு ஒரு கால். பிறகு டு. பிறகு வா.

"காடுவா" என்றேன், உரக்க.

மிஸ் கிண்ணியாக்காரி.
மீன் விஷயத்தில் அவவை ஏய்க்க ஏலாது.
"காடுவா எண்டு எந்தக் கடலில மீன் பிடிபடுது?
மடங்கு கூடக் கூட
கடதாசி மூக்குக்கு வரும், வட்டம் சுருங்கும்.
உங்களுக்கு எழுத்து வேணுமா, மீன் வேணுமா?"

மூன்று மடங்கு தந்தா. கைப்பிடி வைத்தது.
மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் கூட, கண்ணுக்குக் கிட்ட.
எழுத்துகள் மெலிந்து நின்றன, எனக்கு மனமில்லை.
"வரிக்குக் கொஞ்சம் மேலே பாருங்கோ,
ஊறல் விலகட்டும்."

விலகிற்று.
கொம்பும் க-வும் காலும்
ஒரே வள்ளத்தில் ஏறி வந்தன,
பின்னால் டு, பின்னால் வா.
கொடுவா.

கிலோ விலை மட்டும் ஆறா எட்டா என்று
கடைசிவரை பிடிபடவில்லை.
"எண்ணுக்கு அஞ்சு மடங்கு வேறயா வைச்சிருங்கோ.
எல்லாத்துக்கும் ஒண்டு எண்டு இல்லை."

பஸ் பலகை பார்க்க
விரல் நீளத்தில் ஒரு தொலைநோக்கியும் தந்தா,
பழகிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி.

பஸ் நிலையத்தில் மூதூர்ப் பலகையைத் தேடினேன்.
வட்டத்துக்குள் வந்தது பழுப்பு நிறம்,
அதன் மேல் வெள்ளைப் புள்ளிகள்,
எந்த மெய்யெழுத்தின் தலையிலும் ஏறாதவை.
நான் வாசிக்கப் பார்த்தேன்.
ஒரு புள்ளி சிலிர்த்தது.

கையை இறக்கினேன்.
எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவில்
சோற்றுப் பார்சலின் தாளை மென்றுகொண்டு
ஒரு மான்.

அது அசைபோட்டு முடிக்கவும்
மூதூர் பஸ் போகவும் சரியாக இருந்தது.