கால் மில்லிமீட்டர் வெயில்

ஹெப்பாலில், ஆய்வுக்கூடத்து மொட்டை மாடியில்
இருபத்துநான்கு கண்ணாடித் தட்டுகள்.
ஒவ்வொன்றிலும் ஹொஸ்கோட்டைச் செம்மண்.
சலித்து, நீர் சேர்த்துக் குழைத்து,
தோசைக்கல்லில் மாவு இழுப்பதுபோல் இழுத்துக் காயவைத்தது.
அதன்மேல் ஊசிக்குழலில் சொட்டுச் சொட்டாக
கத்தரிக்கு அடிக்கும் அதே மருந்து.

பன்னிரண்டு தட்டு வெயிலுக்கு.
பன்னிரண்டு, அலுமினியத் தாள் சுற்றி, இருட்டுக்கு.
ஒருநாள் விட்டு ஒருநாள்
இதில் ஒன்று அதில் ஒன்று எடுத்துவந்து
கரைத்து எந்திரத்துக்குக் கொடுப்பேன்.
எந்திரம் தாளில் ஒரு மலை வரையும்.
வெயில் தட்டின் மலை போனமுறையைவிடக் குட்டையாக இருக்கும்.
இருட்டுத் தட்டின் மலை
அநேகமாக அப்படியே.
இதற்குத்தான் சம்பளம்.

ஜூலையில் பெங்களூரு வெயிலை நம்புகிறவன்
வேறு வேலை பார்க்கலாம்.
பதினொன்றுக்கு வரும்,
கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்குடிக்கப் போய்விடும்.
தூறல் விழுந்தால் நான் தட்டுகளோடு ஓடுவேன்,
காவலாளி மாரப்பா கூடவே குடை பிடித்து வருவார்.
எனக்கல்ல, மண்ணுக்கு.

'வெயில் மருந்தை என்ன பண்ணும்?'
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்.
துணி வெளுக்கிற மாதிரி என்றேன்.
பாதிப் பொய். வெளுத்தாலும் துணி துணிதான்.
இங்கே ஒரு பிணைப்பு அறும்,
ஒரு குளோரின் கழன்று ஓடும்,
மிச்சத்துக்கு வேறு பெயர் வந்துவிடும்.
பல பெயர்கள் சாது.
ஒன்றிரண்டு, அப்பனைவிட மோசம்.
மலைக்குப் பக்கத்தில் புதிதாக முளைக்கும் சின்ன மேட்டுக்கு
'இவன் யார்' என்று
பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

மண் எடுத்த வயலுக்கு இரண்டாம் முறை போனபோது
லோகம்மாள் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.
ராயக்கோட்டைப் பக்கத்துத் தமிழ், கூலிக்கு வந்தவர்.
'மருந்தடிச்சு எத்தினி நாள் களிச்சு
வெறுங்கால்ல எறங்கலாம்?'
ஒன்பது நாளில் பாதி போய்விடும் என்றேன்.
'மிச்சப் பாதி?'
இன்னொரு ஒன்பது நாளில் அதில் பாதி.
'அதுல மிச்சம்?'
சொல்லிக்கொண்டே போனேன்.
'அப்ப எப்பத்தான் தீரும்?'
என் கணக்கில் அது தீர்வதேயில்லை, அக்கா.

அவர் சிரிக்கவில்லை. வாய்க்கால் அந்தப்பக்கம் கைகாட்டினார்.
சின்ன டிராக்டர் ஒன்று பாத்தியைப் பிரட்டிக்கொண்டிருந்தது.
'நேத்து சாயங்காலம் அடிச்சாங்க. இன்னிக்குக் கிளறுறாங்க.'

வெயில் மண்ணுக்குள்
கால் மில்லிமீட்டர்கூட இறங்காது.
நகத்தின் கனம். அதுவும் நல்ல வெயிலில்.
பிரண்டு அடியில் போனதெல்லாம்
என் பன்னிரண்டு இருட்டுத் தட்டுகள்,
ஏக்கர் கணக்கில், தாள் சுற்றாமல்.
ஒன்பது நாள் என்பது
கண்ணாடிமேல் தோசையாகக் கிடக்கும் மண்ணுக்கு.
கிளறினா எனக்குத் தெரியாதுக்கா என்றேன்.
'தெரியாததச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்த?'
குனிந்துவிட்டார்.
விரலிடுக்கில் செம்மண், ஈரமாக.

திரும்பி வந்து இருபத்தைந்தாவதாக ஒன்று வைத்தேன்.
தட்டு அல்ல, ஆழமான கிண்ணம்.
மருந்திட்ட மறுநாள் ஸ்பூனால் கிளறினேன்.
மேடம் நோட்டைப் பார்த்து, 'இது முறையில் இல்லையே,
சராசரியில் சேர்க்காதே' என்றார்.
சேர்க்கவில்லை.
ஆறு நாள் மலை அசையவில்லை.

ஏழாம் நாள் பெருமழை. இருபத்துநான்கையும் உள்ளே சேர்த்தோம்.
மாரப்பா கிண்ணத்தைக் காட்டி,
'இதக்கூ கொடெ பேக்கா?' என்றார்.
வயலுக்கு யார் குடை பிடிக்கிறார்கள், விடுங்கள் என்றேன்,
பெரிய ஞானிபோல.

கிண்ணம் நிரம்பியது. செந்நீர் விளிம்பில் நின்றது,
வழிந்தது, தளத்தில் ஓடியது,
மழைநீர்க் குழாய்க்குள் புகுந்து கீழே
கான்டீன் கறிவேப்பிலை பாத்திக்கு.
படியில் இரண்டிரண்டாகத் தாவி ஓடினேன்.
செடியடியில் ஏற்கெனவே குளமாக நின்றது.
கான்டீன்காரர் மகாதேவா ஜன்னல் வழியாகக் கை நீட்டி
ஒரு கொத்து பறித்துக்கொண்டிருந்தார்,
தாளிக்க.