போக எவ்வளவு, வர எவ்வளவு

டன்ஸ்டன் நீட்டிய தாளில் நான்கு கட்டங்கள்.
ஓட்டுபவர் எடை.
பக்கத்தில் உட்காருபவர் எடை.
பின்தட்டில் ஏற்றும் சரக்கு.
ஓட்டும் தரை எப்படி.

முதல் கட்டத்தில் கொஞ்சம் பொய் எழுதினேன்.
இரண்டாவதில் நாயின் எடை.
மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது.

"போகும்போதா, வரும்போதா?" என்றேன்.

மானுகா பூப்பதற்கு முன்
ஆறு பெட்டிகள் மலைக்கு ஏறும்;
தேன் கொஞ்சம், மிச்சமெல்லாம் உயிர்.
பூ கொட்டி முடிந்ததும்
அதே ஆறும் இறங்கும், இரட்டை கனத்தில்.
டிக்கிடிக்கிக்கு மேலே அந்தத் தடத்துக்கு
தடம் என்று பெயர் வைத்ததே பெரிய மனசு.
மழை அறுத்த வாய்க்கால், ஆட்டு மந்தை மிதித்த சேறு,
இரண்டு இடத்தில் ஓடை.

கம்பெனி மாட்டி அனுப்பிய ஷாக்
ஒன்பதாயிரம் கிலோமீட்டர் உழைத்தது.
இடது பின்பக்கத்தில் இப்போது எண்ணெய் கசிகிறது,
ஜலதோஷம் பிடித்த குழந்தை மூக்கு மாதிரி.
போன பிப்ரவரியில், இரண்டாம் ஓடையில்,
டங்கென்று அடிவரை போய் இடித்ததில்
ஒரு மூடி நகர்ந்தது.
ஒரு விரற்கடைதான்.
என் சித்தப்பா மகன் ஹோஹேப்பா
ஓடைக்குள் குப்புற விழுந்து கிடந்தான்.
நாற்பத்தொன்று கொட்டு. எண்ணியது நான்.
அன்றிலிருந்து அந்த இருக்கை நாய்க்கு.

மேசையில் மூன்று ஜோடி வைத்தார்.

மலிவானது: ஒரே சுருள், ஒரே குணம்.
காலியாகப் போனால் கல்லாய் நிற்கும்,
நிறைந்து வந்தால் கும்பிடு போடும்.

தங்க நிறத்தில் மின்னியது
மணல்மேடு தாண்டிப் பறப்பவர்களுக்காம்.
நான் பறப்பதில்லை.
பறப்பவற்றைச் சுமக்கிறேன்.

மூன்றாவது
ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு சுருள்.
மேலே இளகியது, கீழே இறுகியது,
நடுவே ஒரு வளையம்:
எந்த இடத்தில் இளக்கம் முடிந்து
இறுக்கம் தொடங்கவேண்டும் என்று
நாமே திருகி வைக்கலாம்.
(வீட்டிலும் ஒன்று மாட்டினால் தேவலை.)
பக்கத்தில் தனியாக ஒரு குப்பி,
உள்ளே நைட்ரஜன்,
நீண்ட இறக்கத்தில் எண்ணெய் சூடேறி நுரைத்து
கைவிடாமல் இருக்க.

விலையைச் சொன்னார்.
அந்த ஷாக்கைத் தாங்க
கடையில் எதுவும் இல்லை.

"மெத்தென்று இருந்தால் போதும் எனக்கு."

"அதுதான் எல்லோரும் செய்கிற தப்பு, நைரி.
மெத்தென்ற சுருள் விழும், எழும், மறுபடி விழும்.
விழுவதைத் தாங்குவது சுருள்.
எழுவதை அடக்குவது எண்ணெய்.
உன் தேனீக்கு எது பிடிக்காது?
விழுவதா, ஆடிக்கொண்டே இருப்பதா?"

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
தேனீ கால்களால் கேட்கும்.
பெரிய பள்ளத்தை மன்னித்துவிடும்,
ஒருமுறை சீறி அடங்கும்.
ஓயாத சின்ன நடுக்கத்தைத்தான்
மனசில் வைத்துக்கொள்ளும்.

மூன்றாம் கட்டத்தில் எழுதினேன்:
போக நூற்றறுபது கிலோ,
வர முந்நூற்றறுபது,
கோபம் தனி.

செப்டம்பர் கடைசியில், இருட்டிய பின், ஏற்றம்.
முதல் ஓடை தாண்டி எஞ்சினை அணைத்தேன்.
பெட்டியில் காதை வைத்தால்
முணுமுணுப்பு அரை மாத்திரை கூடுதல்.
டார்ச்சை வாயில் கவ்வி
குமிழைத் திருகினேன், இரண்டு கிளிக் பின்னால்.
இரண்டாம் ஓடை. மறுபடி காது.
ஒரு கிளிக் முன்னால்.
நாய் என்னைப் பார்த்த பார்வை
இங்கே எழுதக்கூடியது அல்ல.

மேலே வேலி ஓரத்தில் இறக்கி வைத்தபோது
ஆறும் ஒரே சுருதியில் இருந்தன.
ஒரு கொட்டும் இல்லை.

செய்தி எப்படியோ முந்திக்கொண்டது.
காலையில் ஹோஹேப்பா போன் செய்தான்,
பக்கத்து இருக்கை இன்னும் இருக்கிறதா என்று.

"வளையத்தை மாற்றித் திருகணும்.
உன் எடை சொல்."

சொன்னான்.
அவனும் கொஞ்சம் பொய்தான் சொன்னான்.