எப்படி இருக்கிறாய்

பத்தொன்பது வருடம்
கந்தோர் மரக்கதிரையில் இருந்து
பிறருடைய சம்பளத்தைக் கூட்டிக் கழித்தேன்.
இடுப்பில் எல் ஃபோர், எல் ஃபைவ் என்று
எனக்கும் இரண்டு தரம் கூடியது.
"இனித் தலகாணி வைச்சுச் சமாளிக்க ஏலாது"
என்றாள், ஆசுப்பத்திரியில்
முதுகைத் தட்டிப் பார்த்த பிள்ளை.

சனிக்கிழமை, காத்தான்குடி.
நடுவீதிப் பேரீச்சங் குலைகளுக்கு
வலை கட்டியிருந்தார்கள்.
கடைக்குள் நாற்பது கதிரை,
எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.
ஒன்று சுழலும். ஒன்று சாயும்.
ஒன்று கழுத்துக்கென்று தனியாய் ஒரு கை வைத்திருந்தது.
இன்னொன்றின் முதுகு முழுக்க வலை.
"காத்து நல்லாப் போகும்" என்றான் நிஸ்மத்.
எனக்கு மீன்தான் நினைவு வந்தது.

ஒவ்வொன்றிலும் ஏறி
வெறுங்காற்றில் தட்டச்சு செய்து பார்த்தேன்.
எதில் இருந்தாலும் கால்
நிலத்துக்கு நாலு விரல் மேலே தொங்கியது.
யாரோ ஒரு ஆறடி ஆம்பிளையை
மனதில் வைத்து அளவெடுத்திருக்கிறார்கள்.
கால் எட்டாத இடங்களையெல்லாம்
விதி என்று நினைத்திருந்தேனே,
அதில் எத்தனை வெறும் அளவுப் பிழை?

"தம்பி, நீங்க எதில இருப்பீங்க?"
"நான் இரிக்கிறல்லக்கா."
கூரை மூலையைக் கண்ணால் காட்டினான்.
"கமரா இரிக்கி."

காலை எட்டரையிலிருந்து
நாற்பது கதிரைக்கு நடுவில் நிற்கிறவன்.

சாம்பல் நிறத்தில் ஒன்று,
ஓரத்து மூலையில், விலைத்துண்டு கிழிந்தது.
நெம்பை இழுத்ததும்
பெருமூச்சு விட்டு, தாழ்ந்து, இன்னும் தாழ்ந்து
என் செருப்பை நிலத்தில் வைத்தது.
முப்பத்தெண்ணாயிரம்.

"சாய்ஞ்சா எப்படியெண்டு பின்னால நிண்டு பார்க்க வேணும்.
ஒருக்கா நீங்க இரிங்க" என்றேன்,
கமராவுக்கும் கேட்கிற மாதிரி.
இருந்தான்.
இரண்டு தரம் "இன்னும் விளங்கல்ல" என்றேன்.
மூன்றாந்தரம் சொல்லவில்லை;
கண் மூடியிருந்தது.

அரைவாசிக் காசு, மிச்சம் மூன்று மாதத்தில்.
ஆட்டோவுக்குள் அது தலைகீழாய் வந்தது.
கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று ஏறியதும்
ஐந்து சில்லும் ஐந்து பக்கம் பார்த்துச் சுற்றின,
கூட்டம் கூடி முடிவெடுக்காத
எங்கள் சங்கத்து ஆட்களைப் போல.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போகுமுன்
அடியில் வ. சுகிர்தமலர் என்று
வெள்ளைப் பெயின்றால் எழுத வேணும்.
இல்லாவிட்டால் கணக்காளர் இருந்துவிடுவார்.

இரவு நோர்வேயிலிருந்து மச்சாள் எடுத்தாள்.
வழமையான கேள்வி.
வழமையாய் "இருக்கிறன்" என்றுவிட்டு
மழையைப் பற்றிச் சொல்வேன்.

பதினைந்தரை அங்குல உயரத்தில், என்றேன்.
கொஞ்சம் பின்னால் சாய்ஞ்சு.
பொலித்தீன் இன்னும் கழட்டல்ல.
இரண்டு காலும் நிலத்தில.