மூன்றாவது துப்பாக்கி

சிரசுத் திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கையில்
பலூன் கடை சம்பங்கி
மூன்று ஏர் துப்பாக்கிகளைப் பழம்புடவையில் சுற்றி வந்து
என் தையல் மிஷின் பட்டறையில் கிடத்தினாள்.
"ஆயிலு வுட்டுக் குடு. குறிமுள்ள மட்டும் தொடாத."
முள் வளைந்திருப்பது எனக்குத் தெரியும்.
குடியாத்தத்துக்கே தெரியும்.

குழலை மடக்கிப் பார்த்தேன்.
முதல் இரண்டும் கீல் துருவேறிய கதவுபோல் முனகின.
மூன்றாவது,
சுட்டதும் படார் என்றது.
வாயில் நீலப் புகை,
பஸ் ஸ்டாண்டு நாற்றம்.
யாரோ உள்ளே நல்லெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள்
சனிக்கிழமைத் தலைக்கு ஊற்றுவதுபோல,
வஞ்சனையில்லாமல்.

இடுக்கியில் நெருக்கிவைத்துத்தான் பின்னைத் தட்ட வேண்டும்.
உள்ளே ஒரு முழச் சுருள்
அரை முழத்தில் குந்தியிருக்கிறது.
போன வருஷம் முகத்துக்குத் தப்பி அது போன வழி
ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இன்னும் இருக்கிறது.
மழை வந்தால் அங்கே ஒரு டம்ளர் வைப்பேன்.

பிஸ்டன் நுனித் தோல் வாஷர்
பொரித்த அப்பளம்.
தொட்டேன், நொறுங்கியது.
பேர்ணாம்பட்டு ஷெட்டில் கழித்துப்போட்ட துண்டில்
மூன்று வட்டம் வெட்டி
சிலிகான் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவிட்டேன்.
சுருளுக்குக் கரிய கிரீஸ்,
கண்ணுக்கு மை இடும் அளவு.
காற்றறைக்கு ஒரு சொட்டு.
ஒன்றே ஒன்று.
நெருக்கினால் காற்றுக்கும் சூடேறும்.
கூடுதலாக எண்ணெய் கிடைத்தால்
கொளுத்திவிடும்.

குண்டு போடாமல் சுடக்கூடாது என்று
சாக்குக்கட்டியால் தடியில் எழுதிக் கொடுத்தேன்.
தடுக்க எதுவும் இல்லாவிட்டால்
பிஸ்டன் தன் தலையைத் தானே சுவரில் மோதிக்கொள்ளும்.

மறுநாளே வந்துவிட்டாள்.
"இன்னா பண்ணி வெச்ச நீ?
கெழவன் இருமற மாதிரி கீது.
பலூன் ஒடையற சத்தந்தான் கேக்குது,
துப்பாக்கி சத்தம் எங்க?"
அதுதான் சரியான சத்தம் என்றேன்.
"சரியான சத்தத்துக்கு எவன் துட்டு குடுப்பான்?
பொகையப் பாத்துத்தான் பசங்க நிக்கறானுங்க."

சுருள் முறியும் என்றேன்.
"எத்தினி சுட்டா?"
ஐந்நூறு, மிஞ்சினால் அறுநூறு.
விரல் மடக்கினாள்.
உதடு அசைந்தது, நின்றது.
"போதும். சிரசு ஏர்ற வரிக்கும் தாங்குனா போதும்."

மூன்றாவதில் மட்டும் நான்கு சொட்டு விட்டேன்,
நல்ல சுருள் என்று தெரிந்தே,
மூடும்போது அதைப் பார்க்காமல்.
அதற்குக் கூலி கேட்கவில்லை.
அவளும் கொடுக்கவில்லை.

வைகாசி ஒன்று.
தரணம்பேட்டையிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டுவிட்டது.
பம்பை, உடுக்கை,
தெருவெல்லாம் தேங்காய் சிதறும் சத்தம்.
கௌண்டன்ய ஆற்றங்கரைப் பக்கம் படார்.
என்னுடையது.
இன்னும் இரண்டு என்னுடையவை
அங்கே சுட்டுக்கொண்டுதான் இருக்கும்,
செய்த எனக்கே கேட்கவில்லை.

நூற்று நாற்பது வரை எண்ணினேன்.
அப்போது பார்த்துச் செதுக்கரை நசீமா
மிஷின் தலையை ஆட்டோவில் கொண்டு வந்தாள்.
பாபின் சிக்கியிருக்கிறது,
காலையில் நூறு ஜாக்கெட் கொடுக்க வேண்டும்,
இப்போதே வேண்டும்.

நூலைப் பிய்த்தெடுத்து
ஷட்டிலைத் துடைத்து
மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டுச் சக்கரம் சுற்றினேன்.
ஓடியது, சத்தமில்லாமல்.
நசீமா சிரித்தாள்.
அப்போதுதான் உறைத்தது,
படார் எப்போதோ நின்றுபோயிருந்தது.

பலூன் தீர்ந்ததா,
போலீஸ் மூடச் சொன்னதா,
இல்லை, முறிந்ததா.

கூலி வாங்காத வேலைக்கு
யார் வந்து சண்டை போடப் போகிறார்கள்?
ஆனாலும் ஷட்டரைப் பாதிதான் இறக்கினேன்.
விளக்கு எரியட்டும்.