ஒரு டீக்கு ஒரு விரல்கடை

புளியரைக்கு மேலே எஸ் வளைவில்
மழை இறங்கத் தொடங்கினால்
கீழே என் ஒர்க்‌ஷாப்பில் இரும்பெல்லாம் வேர்க்கும்.
மூன்று டன் ஜாக்கி மட்டும்
எண்ணெயாக வேர்த்தது.

முதல் நாள் தரையில் காசளவு கருப்பு.
மறுநாள் தோசையளவு.
தூக்கி நிறுத்திய வண்டி
யாரும் தொடாமலே இறங்கியது.
மட்கார்டு விளிம்புக்கு நேராகத் தூணில்
சாக்பீஸால் கோடு கிழித்துப் பார்த்தேன்:
ஒரு டீ குடித்து முடிப்பதற்குள்
ஒரு விரல்கடை.
உடைகிற சாமான் ஒரு சத்தமாவது போடும்.
இது, பாக்கி வைத்தவன் கடைவாசலைக் கடக்கிற மாதிரி
தலையைக் குனிந்துகொண்டே போனது.

"நீ அடிக்கிற அடியிலதான் போச்சு" என்று
பூதத்தான் சம்பளத்தில் இருநூறு பிடித்தேன்.
கைப்பிடியைத் துடைத்து மூலையில் சாய்த்தான்.
எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை.
எனக்கு அது வசதியாக இருந்தது.

புதுசு தென்காசியில் பதினான்காயிரம்.
புனலூரில் பதிமூன்றரை;
மிச்சம் ஐந்நூறு
மலையேறி இறங்கும் பஸ்ஸுக்கும் பழம்பொரிக்கும் போய்விடும்.
சீல் கிட் முந்நூற்றெண்பது.
முந்நூற்றெண்பதோடு முதலில் பேசிப் பார்ப்போம் என்று
ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து
நைட்டிக்கு மேல் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு
கழற்ற உட்கார்ந்தேன்.

ஸ்பிரிங் இரண்டு. பின் ஒன்று.
வால்வைத் திருகி எடுத்தபோது
மிளகளவு இரும்புக் குண்டு ஒன்று குதித்து ஓடியது.
காந்தத்தை நூலில் கட்டி
ஒரு மணி நேரம் தரையெல்லாம் மீன் பிடித்தேன்.
கடைசியில் என் செருப்புக்குள் உறுத்தியது.
பெரிய நட்டு மசியவில்லை.
ஸ்பேனரில் இரண்டடிப் பைப்பைச் செருகி
அதன்மேல் ஏறி நின்றேன்.
தண்டு வெளியே வந்தது.
என் முகம் தெரிந்தது அதில், நீளமாக.
கீறல் இல்லை. வளைவு இல்லை.
அவன் அடித்ததாக நான் சொன்ன அடிக்கு
ஒரு தழும்புகூட இல்லை.

கெட்டது சீல்.
ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி,
அழுத்தினால் பிசுபிசுத்து
நகக்கண்ணில் கருப்பாக அப்பியது.
இந்த ரப்பர் இப்படி ஊதினால்
என்ன ஊற்றினாய் என்றுதான் கேட்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி.
பாவூர்சத்திரத்துக் கத்தரிக்காயோடு ஒரு குட்டியானை.
"வேகம் ஆகட்டே சேச்சி, சந்தை அஞ்சு மணிக்காணு" என்று
டிரைவர் சசாங்கன் நனைந்துகொண்டு நிற்கிறான்.
ஜாக்கி பாதியில் மூச்சுவாங்குகிறது.
ஜாக்கி ஆயில் டின்னைக் கவிழ்த்தால் சொட்டில்லை.
அலமாரியில் கைக்கெட்டியது பிரேக் ஆயில்.
ஊற்றியது
இந்தக் கை.

சசாங்கன் டார்ச்சை டயரில் பிடித்திருந்தான்.
பூதத்தான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான்.
யாரும் பார்க்கவில்லை.
பிறகு நானும் பார்க்கவில்லை.

மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவினேன்.
புது சீலின் உதடு எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும்,
ஒரு தடவை மாற்றிப் போட்டு மறுபடி கழற்றினேன்.
சரியான ஆயில், துளையின் விளிம்பு வரை.
வால்வைத் திறந்து வைத்து
இருபது தடவை சும்மா அடிக்க
உள்ளே கிடந்த காற்று ஏப்பம் விட்டு வெளியேறியது.

திங்கட்கிழமை.
தூணில் கோடு. இரண்டு டீ.
கோடு நின்ற இடத்தில் விளிம்பு நின்றது.
இருநூறை நீட்டினேன்.
"அன்னைக்குப் பிடிச்சது. தப்பு என்னுது.
பிரேக் ஆயில் ஊத்திட்டேன்."
"தெரியும்க்கா. வாடை வேற மாதிரி அடிச்சுது."
"சொல்றதுக்கு என்னல?"
நோட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தான்.
"சொல்லியிருந்தா நானூறு பிடிச்சிருப்பீங்க."

பதிலைத் தேடி நான் நோட்டுப்புத்தகத்தைத் திறந்தேன்.
சீல் கிட் 380. ஆயில் 220.
அடுத்த வரியில் பேனா நின்றது.

அவன் படுக்கப் போனான்.
கோடு இன்னும் அசையவில்லை.
இருந்தும், அடியில் நுழையுமுன்
அயினிக் கட்டையைக் காலால் இழுத்து
அச்சுக்குக் கீழே நிறுத்தி
இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான்.