உபயம் என்ற இடத்தில் ஒரு கோடு

டுலூத் நகரம். ஜனவரி.
நான்காம் மாடி ஜன்னலுக்குக் கீழே
ஏரி உறைந்து, எழுதாத தாளாய்க் கிடக்கிறது.
என் வேலை, எந்தக் கட்டத்தில் டிக் என்று பார்ப்பது.

பெயர் வெளியிடலாம்.
நிதியின் பெயர் மட்டும்.
எதுவும் வேண்டாம்.

மூன்றாவதில் டிக் இருந்தால்
காசோலையில் எங்கள் அறக்கட்டளையின் பெயர் விழும்,
எவர் தோளுக்கும் பொருந்துகிற வாடகைக் கோட்டு மாதிரி.

சட்டப்படி அது இனி அவர்கள் பணம் இல்லை.
டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் எங்களிடம் கொடுத்துவிட்டார்கள்,
வரிவிலக்கையும் அன்றே வாங்கிவிட்டார்கள்.
அதன்பின் அவர்கள் சொல்வது வெறும் ஆலோசனை.
நாங்கள் மறுக்கலாம்.
பதினொரு வருடத்தில் இரண்டு முறை மறுத்தோம்,
இரண்டும் எழுத்துப்பிழைக்காக.
கொடுத்துவிட்டார்கள் என்கிறது ஏடு.
கொடுத்தார்கள்.
விடவில்லை.

ஆகஸ்டில் நாற்பது தொண்ணூற்றிரண்டாம் கணக்கிலிருந்து ஓர் ஆலோசனை:
குடிமைச் சிந்தனை மன்றம், எண்பதாயிரம் டாலர், பொதுச் செலவுக்கு.
மூன்றாம் கட்டத்தில் டிக்.
மன்றத்தின் பதிவெண்ணைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.
மதியம் பட்டாணி சூப் குடித்தேன்.

மன்றம் இன்னொரு மன்றத்துக்குக் கொடுத்தது,
அது ஒரு கூட்டணிக்கு,
கூட்டணி ஓர் அச்சகத்துக்கு.
அக்டோபரில் என் கதவிடுக்கில்
வழுவழுத் தாளில் ஒரு காலிப் பேருந்து.
இந்த இருக்கைகளுக்கு நீங்கள் ஏன் காசு கட்டவேண்டும்?
கீழே பொடியெழுத்தில்,
உபயம்: அக்கறையுள்ள அண்டைவீட்டார்.

நான் துப்பறியவில்லை.
கோப்புக்கு வந்த ஆண்டறிக்கைகளில்,
யாரும் புரட்டாத பதினேழாம் பக்கத்தில் எல்லாம் இருந்தது,
கடைசிப் பெயரைத் தவிர. அதாவது
முதல் பெயரைத் தவிர.
மொட்டைக் கடுதாசிக்காவது எழுத்தில் ஒரு சாய்வு இருக்கும்.

இரவுப் பேருந்துக்கான வரி
முந்நூற்றுப் பதினொரு வாக்கில் தோற்றது.
எங்கள் மாடியைத் துடைக்கும் வெர்லா லிண்ட்குவிஸ்ட்
இப்போது பதினொன்றரைக்கு
காலணிக்கு அடியில் முள்வளையம் மாட்டிக்கொண்டு
மெசாபா ஏற்றத்தில் நடக்கிறாள்.
காலுக்கு நல்லதுதான் என்கிறாள். அறுபத்துமூன்று வயது.
நான் ஐந்துக்கே காரெடுத்துப் போகிறவள்.
ஒரே ஒரு நாள் இருந்து அவளை ஏற்றிக்கொண்டேன்.
வழியெல்லாம் அவளுக்குப் பேச
எங்கள் குப்பைக்கூடைகளைப் பற்றி நிறைய இருந்தது.
எனக்கு ஒன்றும் இல்லை.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது.
ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள்தான்.
சரி.
மூன்றாவது கை ஒன்று அச்சகத்தில் இருந்தால்?

இதையும் சொல்லிவிடுகிறேன்.
இந்த வேலைக்கு வருவதற்கு முந்தின வருடம்
மெத்தைக்கடைக்கு மேலிருந்த எங்கள் வீடு எரிந்தது.
மோட்டல் அறையில் கிடந்த எங்களுக்கு
யாரோ ஆறு மாத வாடகை கட்டினார்கள்.
ரசீதில், கொடுத்தவர் என்ற இடத்தில் ஒரு கோடு.
எனக்கு அந்தக் கோடு பிடித்திருந்தது.
கடைத்தெருவில் எவர் முன்னாலும் குனியவேண்டியிருக்கவில்லை.
என் மகன், அப்போது ஏழு வயது,
எதிர்ப்பட்ட எல்லோருக்கும் ஹலோ சொன்னான்,
அவர்களில் ஒருவராய் இருக்கலாமே என்று.

அந்த ரசீதிலும் இதே அறக்கட்டளையின் முத்திரை.
தேதி தெரியும். தொகை தெரியும்.
தேடினால் எண் வரும்.
வேறு ஏதோ எண் வந்தால் அழுதுவிடுவேன்.
நாற்பது தொண்ணூற்றிரண்டு என்று வந்தால்
என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

லிப்டுக்குள் வெர்லாவின் வாளி உருளும் சத்தம்.
இன்று நான்தான் போக நேரமாக்கிக்கொண்டிருக்கிறேன்.
திரையில் புதிதாக ஓர் ஆலோசனை.
மூன்றாம் கட்டம்.
பதிவெண்ணைச் சரிபார்க்கிறேன்.
சரியாகத்தான் இருக்கிறது.