நூறு வீதம்

புகைக்குண்டு விழுந்ததும் படம் உறைகிறது.
தொண்ணூறில் ஓடிய பிரேம் இருபத்தாறுக்கு இறங்க
என் துவக்கு
சேற்றில் இறங்கிய உழவு மெசின் மாதிரித் திரும்புகிறது.
"பூங்குழலி, எங்க நிக்கிறாய்?"
முழங்காவிலில் இருந்து செறின்ரன் கத்துகிறான்.
பதில் சொல்ல வாய் திறக்கையில்
செத்துப்போயிருக்கிறேன்.

திரை மூலையில் இரண்டு இலக்கங்கள்.
கிராபிக்ஸ் கார்ட்: நாற்பத்தொரு வீதம்.
புரொசெசர்: நூறு.
ஒருவன் மூட்டை சுமந்து நாக்குத் தள்ள
மற்றவன் லொறியில் குந்தியிருக்கிறான்.
மில்லில் கணக்கெழுதுகிறேன், இதைத் தினமும் பார்க்கிறேன்.

மவுஸ் வாங்க முதலே ஹெட்போன் வாங்கினேன்.
அம்மா பக்கத்து அறையில் படுப்பவ.
ஒரு வெடிச்சத்தமும் சுவரைத் தாண்டக் கூடாது.

கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியில், சுகிர்தனின் கடை.
"எல்லாத்தையும் மாத்துங்கோ அக்கா.
போர்ட், ராம், புரொசெசர்.
பத்து வருசத்துக்குப் பாக்கத் தேவையில்லை."
கல்குலேற்றரை என் பக்கம் திருப்பினான்.
இரண்டு போகத்துக் காசு.
பத்து வருசம் என்று சொல்பவர்களை
நான் இலேசில் நம்புவதில்லை.

மற்றது, போர்டை அப்படியே விட்டு
நாலு கோரைக் கழற்றி ஆறு கோரைப் போடுவது.
கனடா போன வவுனியாப் பெடியன் விற்றது,
இருபத்தெட்டாயிரம்.
எட்டுக் கோரையும் கையில் வாங்கிப் பார்த்தேன்.
பாரத்தில் வித்தியாசம் தெரியவில்லை,
விலையில் ஸ்கூட்டிக்கு ஒரு சோடி ரயர்.
ஆறே போதும்.
ஒரு ஊசி சரிந்திருந்தது.
பென்சில் குழலை அதில் கொளுவி நிமிர்த்துமட்டும்
சுகிர்தனும் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை.

போர்டுக்கு இந்தப் புதியதைத் தெரியாது.
பயோஸ் மாற்ற வேண்டும்,
அதுவும் பழையது உள்ளே இருக்கும்போதே.
தன் இடத்துக்கு வருபவனின் பெயரைத்
தன் கையால் பதிந்துவிட்டுத்தான் அது கழறலாம்.
ஏழு நிமிசம்.
நடுவில் கரண்ட் நின்றால் போர்ட் வெறும் தகடு.
ஆனி மாதம், சோளகம் மரங்களைப் பிடித்து உலுப்புகிறது.
பரந்தனில் ஏழு நிமிசக் கரண்டுக்கு
யார் பொறுப்பு நிற்பார்?

பெட்டியைப் பெட்சீற்றில் சுற்றி
ஸ்கூட்டியில் முன்னுக்கு வைத்து மில்லுக்குப் போனேன்.
லொறித் தராசுக் கொம்பியூட்டருக்கு யூபிஎஸ் இருக்கிறது.
கடைசி உழவு மெசின் நிறுத்துப் போனபிறகு
தராசைக் கழற்றி என்னுடையதைக் கொளுவினேன்.
பேரின்பண்ணை புட்டுப் பார்சலை விரித்தபடி கேட்டார்,
"இது ஆற்ற நெல்லு?"

முப்பத்தெட்டு வீதம். நாற்பது.
அறுபத்தொன்றில் ஊரே இருண்டது.
மில் இருண்டது. பேரின்பண்ணை கை புட்டில் நின்றது.
என் திரை மட்டும் நீலம்.
யூபிஎஸ் ஆட்காட்டி மாதிரிக் கத்தத் தொடங்க
அறுபத்திரண்டு.
அறுபத்திரண்டு.
அறுபத்திரண்டு.
தெரிந்த தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டேன்,
உமி காக்கிற வைரவரையும்.

நூறு வந்தபோது பேரின்பண்ணை கை தட்டினார்.
எதற்கென்று அவருக்குத் தெரியாது.

விடிய முதல் மாற்றிப் பூட்டினேன்.
புதுப் பசை, ஒரு பயறளவு. புது விசிறி.
பழையதைத் தீப்பெட்டியில் வைத்தேன், அளவாக இருந்தது.

மறுநாள் இரவு புகை விழுந்தது.
எண்பத்தெட்டு. இறங்கவில்லை.
ஒவ்வொரு சுருளும் வெவ்வேறாய் அவிழ்ந்து
சுவரில் முட்டி, பிரிந்து, மெலிந்து போனது.
இத்தனை நாளும் அதற்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.
சுட மறந்து நின்றேன்.
செறின்ரன் தூசணத்தில் ஏசினான்.

தண்ணி குடிக்க எழும்பிய அம்மா
கதவடியில் நின்றா.
ஹெட்போனைக் கழற்றினேன்.

"இண்டைக்குச் சண்டை இல்லையோ?
பெட்டி இரையேல்லை."